ராமேஸ்வரம்: தீர்த்தம் மட்டும்தானா?

மதுரையோடு நின்றுகொண்டிருந்த அமிர்தா எக்ஸ்பிரஸ் 2025 அக்டோபர் முதல் ராமேஸ்வரம் வரை ஓடுகிறது. இரவு திருவனந்தபுரத்தில் ஏறிப் படுத்தால் பாலக்காடு, பழனி, மதுரை எல்லாம் கடந்து மறுநாள் நண்பகல் வாக்கில் தீவில் இறங்கிவிடலாம். கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் இருக்கிற நம்மவர்களுக்கு இதன் சௌகரியத்தை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மதுரையில் இறங்கி, வயதானவர்களையும் மூட்டை முடிச்சுகளையும் ஒரு பக்கம் உட்கார வைத்துவிட்டு, அடுத்த வண்டி எப்போது என்று விசாரித்து அலைந்த அலைச்சல் இனி இல்லை. ரயில்வேயை நாம் குறை கூறுவதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. இந்த ஒன்றுக்காக மனம் திறந்து பாராட்டலாம்.

ஆனால் போய் வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு விஷயம் புலப்படுகிறது. அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள், உலகப் புகழ் பெற்ற பிராகாரம், அப்துல் கலாம் பிறந்த வீடு, பிறகு வேன் பிடித்துத் தனுஷ்கோடியில் ஒரு புகைப்படம். அவ்வளவுதான் ராமேஸ்வரம். கோயிலுக்கு ஸ்தல புராணம் இருக்கிறது, விற்கவும் விற்கிறார்கள். அந்தக் கோயிலைச் சுற்றிப் பிழைத்து, கடலோடு போராடி, புயலில் பாதி ஊரைப் பறிகொடுத்து, மறுபடி எழுந்து நிற்கிற ஊருக்கு ஒரு சரித்திரம் உண்டு என்ற நினைப்பே யாத்திரிகருக்கு வருவதில்லை. வர வைப்பதற்கும் அங்கே யாரும் அதிகம் முயன்றதாகத் தெரியவில்லை.

2011 கணக்கெடுப்பின்படி ராமேஸ்வரம் நகராட்சியில் 44,856 பேர். சிறிய ஊர்தான். ஆனால் அந்தச் சிறிய ஊருக்குள் எத்தனை விதமான மனிதர்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கோயிலில் பூஜை செய்வோர் சிருங்கேரி மடத்தில் தீட்சை பெற்ற மகாராஷ்டிர பிராமணர்கள். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் மண்ணில் இருப்பவர்கள். வடக்கிலிருந்து வரும் யாத்திரிகர்களுக்காக எழுந்த சத்திரங்கள் தெருவுக்குத் தெரு. படகு கட்டுவதிலும் ஓட்டுவதிலும் கை தேர்ந்த முஸ்லிம் குடும்பங்கள். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் கிறிஸ்தவ மீனவர்கள். மல்லிகை என்றால் நமக்கு மதுரைதான் ஞாபகம் வரும். ஆனால் மல்லிகை நாற்றுக்குப் பெயர் பெற்றது தங்கச்சிமடம். உப்புக் காற்றடிக்கும் தீவில் வளர்ந்த நாற்றை வாங்கிக்கொண்டு போய் உள்நாட்டு விவசாயி நடுகிறான். இதெல்லாம் எந்த யாத்திரைக் கையேட்டில் இருக்கிறது?

பழைய கதையைக் கொஞ்சம் சுருக்கமாகச் சொல்லி விடலாம். ஒரு காலத்தில் இது தீவே அல்ல, நிலத்தோடு ஒட்டியே இருந்தது, 1480-ஆம் ஆண்டுப் புயலில்தான் அந்த நிலத் துண்டு அறுபட்டது என்று கோயில் பதிவுகளைக் காட்டிச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தங்களைச் 'சேது காவலன்' என்று சொல்லிக்கொண்டார்கள். காசிலும் 'சேது' என்று பொறித்தார்கள். பிறகு ராமநாதபுரத்துச் சேதுபதிகள். இன்று எல்லாரும் அண்ணாந்து பார்க்கிற மூன்றாம் பிராகாரம், 1,212 தூண்களோடு, 18-ஆம் நூற்றாண்டில் அவர்கள் காலத்தில் முடிந்தது. கச்சத்தீவும் அந்த ஜமீனைச் சேர்ந்ததாகத்தான் இருந்தது. 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போயிற்று. அதன் பலனை ராமேஸ்வரம் மீனவன் இன்றளவும் அனுபவித்து வருகிறான். கோயில் வாசலில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற படகுத் துறையில், கைதான மீனவரின் வீட்டார் உட்கார்ந்திருக்கிற நாட்களில்கூட, யாத்திரிகர் கூட்டம் அதைக் கவனிக்காமல் தீர்த்தத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். குற்றம் சொல்லவில்லை. அவர்கள் வந்த காரியம் வேறு.

ஊரின் சரித்திரத்தில் நாம் நின்று பார்க்க வேண்டிய பகுதி 1914-க்கும் 1964-க்கும் இடைப்பட்ட 50 ஆண்டுகள்.

1914 பிப்ரவரி 24-ஆம் தேதி பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. கடல் மேல் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நடுவில் கப்பல் போவதற்காகத் தூக்கித் திறக்கும் ஷெர்ஸர் தூக்குப் பாலம். அதைத் திறக்க மின்சாரமோ மோட்டாரோ கிடையாது, இரு பக்கமும் ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் தூக்க வேண்டும். இந்தப் பாலம் ராமேஸ்வரம் யாத்திரிகர்களுக்காகக் கட்டப்பட்டது என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மை அதுவல்ல. வெள்ளைக்கார சர்க்காருக்கும் ரயில்வேக்கும் வேண்டியிருந்தது கொழும்பு மார்க்கம். சென்னை எழும்பூரில் இருந்து வரும் 'போட் மெயில்' தனுஷ்கோடி துறைமுகம் வரை போகும். அங்கே ஸ்டீமர் காத்திருக்கும். தலைமன்னாரில் இறங்கினால் கொழும்பு ரயில். ஒரே டிக்கெட்டில் சென்னையில் இருந்து கொழும்பு. பாம்பனில் இருந்து ஒரு தடம் தனுஷ்கோடிக்கும் இன்னொன்று ராமேஸ்வரத்துக்கும் பிரியும். கப்பலையும் கொழும்பையும் எண்ணி ரயிலை ஓட்டியவர்களுக்குத் தனுஷ்கோடிதான் முக்கியம். காலத்தின் கோலம், இன்று ஒன்று பெரிய யாத்திரை ஸ்தலம், மற்றது மணல்.

இந்த மார்க்கத்தில் போனவர்கள் துரைமார்களும் வியாபாரிகளும் மட்டுமல்ல. தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஏழைத் தமிழன் இந்த வழியாகத்தான் போனான். மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புக்காக நிறுத்தி வைத்து, சோதித்து, பிறகு கப்பல் ஏற்றினார்கள். நம் திருவிதாங்கூருக்கும் இதில் பங்குண்டு. அந்தக் காலத்தில் கொழும்பில் ஆயிரக்கணக்கான மலையாளிகள் வேலை பார்த்தார்கள். தூத்துக்குடிக் கப்பலை விட்டால் தனுஷ்கோடிக் கப்பல். செங்கோட்டை வழியாக மீட்டர்கேஜில் போய் இந்தக் கப்பலைப் பிடித்தவர்களின் பேரன் பேத்திகள் இந்த நகரத்திலேயே இருக்கக்கூடும். பழைய பெட்டியைத் திறந்தால் ஒரு கடிதமோ ஸ்டீமர் டிக்கெட்டோ கிடைக்கலாம்.

தனுஷ்கோடியில் ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், மாதா கோயில், கடைகள் எல்லாம் இருந்தன. குடிதண்ணீர்? அதுதான் அதிசயம். இரு பக்கமும் உப்புக் கடல். நடுவே மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அங்கே குடிசை போட்டிருக்கும் மீனவர்கள் தோண்டி எடுத்துக் குடித்த தண்ணீர் அதுதான்.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு எல்லாம் போயிற்று.

பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில், ஊருக்குள் நுழையும் முன்பே அலையில் சிக்கியது. அதில் வந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களும் உண்டு என்பதால் சரியான எண்ணிக்கை யாருக்கும் தெரியாது. ஊருக்குள் செத்தவர்கள் தனி. தந்திக் கம்பி அறுந்து, பாலம் உடைந்து, செய்தி வெளியே வருவதற்கே நேரமாயிற்று. அன்று பகலில் தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டு ராமேஸ்வரம் திரும்பியதால் நடிகர் ஜெமினி கணேசனும் நடிகை சாவித்திரியும் தப்பினார்கள் என்ற செய்தி இன்றுவரை பேசப்படுகிறது. ரயிலில் போனவர்களின் பெயர்ப் பட்டியலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சரித்திரம் எப்படி எழுதப்படுகிறது என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

பாலத்தின் கதையும் அப்படித்தான். கர்டர்களில் பெரும்பாலானவை கடலோடு போய்விட்டன. தூக்குப் பாலம் மட்டும் தப்பியது. ஆறு மாதத்தில் சரி செய்யலாம் என்று ரயில்வே திட்டமிட்டது. பிறகு மூன்று மாதம் என்று குறைத்தார்கள். பொறுப்பை ஏற்ற இளம் என்ஜினீயர் 46 நாட்களில் முடித்தார். அவர்தான் பாலக்காட்டு மண்ணின் மைந்தர் இ. ஸ்ரீதரன். பின்னாளில் கொங்கண் ரயில்வேயும் டில்லி மெட்ரோவும் கட்டியவர். கேரளத்தில் இந்த 46 நாள் கதை தெரியாதவர் இல்லை, பெருமைப்பட வேண்டியதும்தான். கடலில் எங்கே கர்டர்கள் கிடக்கின்றன என்று துப்புக் கொடுத்தவர் ஒரு மீனவர் என்பார்கள். அந்த மீனவர் பெயர் எதிலும் காணோம்.

பாலம் எழுந்தது. தனுஷ்கோடி எழவில்லை. மனிதர் வசிக்கத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. பிழைத்தவர்கள் தீவின் உட்பகுதியில் ஆங்காங்கே குடியேறினார்கள். சில மீனவக் குடும்பங்கள் அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் மணலுக்கே திரும்பின. கப்பல் ராமேஸ்வரத்தில் இருந்து ஓடத் தொடங்கியது. சாஸ்திரி–சிரிமாவோ ஒப்பந்தம் அதே 1964 அக்டோபரில் கையெழுத்தாகியிருந்தது; அதன்படி மலையகத்தில் இருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இந்தக் கப்பலில்தான் வந்து இறங்கினார்கள். பாட்டன் போன வழியில் பேரன் திரும்பி வந்தான், வெறுங்கையோடு. 1980-களில் இலங்கையில் இனக் கலவரம் மூண்டபின் கப்பலும் நின்றது. அதற்குப் பதிலாக அகதிகள் படகு வரத் தொடங்கியது. 2022-இல் அங்கே பொருளாதாரம் சீர்குலைந்தபோதும் வந்தது.

இத்தனையும் நடந்த ஊர். 1964-இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இன்று எழுபதுக்கு மேல். விவரம் தெரிந்த வயதில் அந்த இரவைக் கண்டவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். இன்னும் பத்து ஆண்டு கழித்து அவர்களைத் தேடிப் போனால் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம்தான் இருக்கும். நாம் இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்ததே இந்தக் கவலையால்தான். ஒரு மைக்கும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஆனால் யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும்.

2017 ஜூலை 27-ஆம் தேதி, கலாம் நினைவு மண்டபம் திறந்த அதே நாளில், முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து அரிச்சல்முனை வரை தார்ச் சாலையும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு முன் மணலில் தட்டுத் தடுமாறி ஜீப்பில் போனவர்கள் சிலர். இப்போது விடுமுறை நாளில் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. 'பேய் நகரம்' என்று பெயர் வைத்து வேடிக்கை பார்க்கிறார்கள். செத்தவர்களின் மக்கள் அதே சாலையோரத்தில் மீனும் சங்கும் விற்றுக்கொண்டிருக்கும்போது அப்படி ஒரு பெயர் சொல்லத் துணிவது நமக்குப் பிடிக்கவில்லை. மாதா கோயிலின் சுவர்களை வருகிறவர் தொட்டுத் தடவி, மேலே ஏறிப் படம் எடுத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். பவளக் கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆன சுவர். புயலைத் தாங்கியது, நம் கூட்டத்தைத் தாங்குமா என்பது சந்தேகம்.

இங்கே நம் ஊரில் இருந்து ஒரு சங்கதியை எடுத்துச் சொல்லலாம். தும்பாவில் கடலோரத்தில் ஒரு மீனவக் கிராமம் இருந்தது. அதற்கு ஒரு மக்தலேனா மரியாள் கோயில். காந்த நடுக்கோடு அருகே இருக்கிறது என்று விஞ்ஞானிகள் அந்த இடத்தைக் கேட்டார்கள். பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேரா ஜனங்களிடம் பேசினார். ஜனங்கள் இடம் கொடுத்துவிட்டு வேறிடம் போனார்கள். 1963 நவம்பர் 21-ஆம் தேதி முதல் ராக்கெட் கிளம்பியது. அந்தக் கோயில்தான் ஆரம்பத்தில் ஆபீஸ். இன்று அது விண்வெளி அருங்காட்சியகம். சைக்கிளில் ராக்கெட் பாகத்தைக் கொண்டுபோகும் அந்தப் படத்தை உலகமே அறியும். இடம் கொடுத்த கிராமத்தாரை எவ்வளவு தூரம் ஞாபகம் வைத்திருக்கிறோம் என்பது வேறு கேள்வி. ஆனால் கட்டடம் நிற்கிறது, கதையும் நிற்கிறது.

அந்தத் தும்பாவில் வந்து வேலை பார்த்தவர்களில் ஒருவர் ராமேஸ்வரத்துப் படகுக்காரர் மகன். கலாம் அவர்களின் தகப்பனார் ஜைனுலாப்தீன் யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்லப் படகு கட்டினார். அந்தப் படகை ஒரு புயல் கொண்டுபோயிற்று. யுத்த காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காதபோது, ஓடும் வண்டியில் இருந்து எறிந்த பத்திரிகைக் கட்டுகளைச் சிறுவன் கலாம் பொறுக்கிச் சேர்த்தார். சீதா ராம கல்யாண உற்சவத்தில் தெப்பத்துக்குப் படகு ஏற்பாடு செய்தது அவர் குடும்பம். இவ்வளவும் நமக்குத் தெரிந்திருப்பது ஏன்? அவர் பெரியவர் ஆனார், புத்தகம் எழுதினார். பெரியவர் ஆகாத மற்றப் படகுக்காரர்களின் வீட்டுக் கதைகளும் இதே அளவு சுவையாகத்தான் இருக்கும்.

தமிழ்நாட்டில் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்குக் கேரளத்தைக் காட்டலாம். 1996-இல் இங்கே மக்கள் திட்டம் தொடங்கியபோது ஒவ்வொரு பஞ்சாயத்தும் வளர்ச்சி அறிக்கை தயாரித்தது. அதில் ஊர் வரலாற்றுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்கள். வாத்தியார்களும் வாசகசாலைக்காரர்களும் வயதானவர்களைக் கேட்டு எழுதினார்கள். எல்லாம் உயர்ந்த தரம் என்று சொல்ல மாட்டோம். சிலது அரசியல் பிரசங்கம் மாதிரி இருக்கும். இருந்தாலும் எழுதப்பட்டது. அச்சிலும் வந்தது. பாம்பனும் தங்கச்சிமடமும் அதைச் செய்ய முடியாதா? தீவில் மறைந்து கிடந்த பழைய தீர்த்தக் குளங்களைக் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரம் தேடிப்பிடித்துத் தூர் வாரிக் கொடுத்திருக்கிறது. குளத்தைத் தோண்டி எடுக்க முடிந்த இடத்தில் ஞாபகத்தைத் தோண்டி எடுப்பது அதைவிடக் கடினமான வேலை அல்ல.

அடுத்தது பழைய பாலம். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டுவிட்டது. புதியது நேராக மேலே தூக்கும் நவீனப் பாலம், சந்தோஷம். பழையதன் இரும்பை எடைக்குப் போட்டு எண்ணிப் பார்ப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். நாம் சொல்வது, மற்றதை என்ன செய்தாலும் அந்த ஷெர்ஸர் தூக்குப் பாலத்தை மட்டுமாவது ஜனங்கள் பார்க்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதைச் சுற்றித் தூக்கிய தொழிலாளர்களின் பெயர்களையும் பக்கத்தில் எழுத வேண்டும். 'அதெல்லாம் எதற்கு, கடலோரத்து இரும்பு எத்தனை நாள் தாங்கும்' என்று சொல்பவர்களுக்கு நம் வலியதுறைப் பாலத்தைக் காட்டுகிறோம். 1947-இல் கப்பல் மோதி உடைந்தது, 1956-இல் திரும்பக் கட்டினார்கள், 2021-இல் கடல் சீற்றத்தில் சாய்ந்தது, சாய்ந்ததை அப்படியே விட்டோம், 2024-இல் இரண்டாகப் பிளந்தது. கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருவனந்தபுரத்தார் வெளியூர் போக வேண்டியதில்லை.

திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு ராமேஸ்வரத்துக்கு யோசனை சொல்ல இவர்கள் யார் என்று கேட்கலாம். வருஷா வருஷம் அங்கே போய்த் தர்ப்பணம் செய்கிறவர்கள் என்ற முறையில் கொஞ்சம் உரிமை உண்டு என்றே நினைக்கிறோம். காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறை இருக்கிறது. யூனிவர்சிட்டி கல்லூரியிலும் தமிழ்த் துறை இருக்கிறது. ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலையும் மாணவர்களில் நான்கு பேரை இந்த ரயிலில் ஏற்றி அனுப்பினால் போதும். மலையாளமும் தமிழும் இரண்டும் தெரிந்தவர்கள் என்பதால் கொழும்பு போன மலையாளிக் குடும்பங்களின் பக்கத்தையும் அவர்களால்தான் எழுத முடியும். அது தமிழ்நாட்டில் இருப்பவர்களால் ஆகிற காரியம் அல்ல.

வாசகர்களும் செய்யக்கூடியது உண்டு. இலங்கைக்குப் போய் வந்த தாத்தாவோ, ராமேஸ்வரம் பக்கம் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்த மாமாவோ குடும்பத்தில் இருந்தால், கடிதம், பாஸ்போர்ட், டிக்கெட், போட்டோ எதுவானாலும் தூக்கி எறியாதீர்கள்; பின்பக்கம் பெயரையும் வருஷத்தையும் பென்சிலால் எழுதி வையுங்கள். நம் தமிழ்ச் சங்கம் வருகிற டிசம்பர் 22-ஆம் தேதி மாலை ஒரு கூட்டம் போட்டு, இப்படிப்பட்ட பொருள்களைக் கொண்டுவரச் சொல்லி, தனுஷ்கோடியைக் கண்டவர் யாராவது இந்த நகரத்தில் இருந்தால் அவரை மேடையில் உட்கார வைத்துப் பேசச் சொல்லலாம். அன்று சொற்பொழிவாளர்கள் யாரும் தேவையில்லை.